கரண்டியைக் கீழே வையுங்கள்

பக்கவாதத்தில் வலக்கை பலம் குன்றிய தகப்பனுக்கு மகள் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். பார்க்க வந்த உறவுக்காரர்களுக்குக் கண் கலங்குகிறது. இப்படியொரு பிள்ளை கிடைக்கப் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். விழுங்குவதில் ஆபத்து இருக்கிறது, ஊட்டித்தான் ஆக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் பேச்சே இல்லை. அப்படி யாரும் சொல்லாதபோது, இடக்கையால் கரண்டி பிடிக்கவும் வலக்கையால் தட்டை அணைத்துக்கொள்ளவும் முடிகிற மனிதருக்கு மூன்று வேளையும் ஊட்டிக்கொண்டிருப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. பாசத்தோடு செய்வதால் தீங்கு குறைந்துவிடாது. யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் கேலாங் பாருவிலோ கேலாங் ஈஸ்ட்டிலோ ஒரு மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு என்று வைத்துக்கொள்வோம். எழுபதைத் தாண்டிய பெரியவர். பெரிய மருத்துவமனையில் சில நாள், அங்கிருந்து சமூக மருத்துவமனையில் சில வாரம். அங்கே அவரைச் சும்மா விடவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நீங்களே மாறுங்கள், ஒற்றைக் கையால் பொத்தான் போடுங்கள், கம்பியைப் பிடித்து நாலடி நடங்கள், திரும்புங்கள், மறுபடி நடங்கள். வேர்த்துக் கொட்டும். சில நாள் அழுதும் விடுவார். பார்க்கப் போன பிள்ளைகளுக்கு அந்த பிசியோதெரபிஸ்ட் கல்நெஞ்சுக்காரியாகத் தெரிகிறார். பிறகு வீடு. "நீங்க சும்மா உக்காருங்கப்பா, நாங்க இருக்கோம்ல." காப்பி கைக்கு வருகிறது. சட்டையை வேறொருவர் மாட்டிவிடுகிறார். பத்தடி தூரத்துக் கழிவறைக்குச் சக்கர நாற்காலி. சில வாரங்களில் அந்தப் பத்தடியும் அவரால் முடியாமல் போகிறது. வயசாச்சு, விதி, என்ன செய்ய என்று வீடு தன்னைத் தேற்றிக்கொள்கிறது.

விதி இதில் எங்கே வந்தது? பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி செத்துப்போகிறது. அது மறுபடி முளைக்காது. ஆனால் மற்றப் பகுதிகள் அதன் வேலையில் கொஞ்சத்தைப் பழகிக்கொள்ளும், ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்தால். முதல் மூன்று மாதங்களில் இந்தத் தேர்ச்சி வேகமாக ஏறும், பிறகு மெதுவாக. பயன்படுத்தாமல் விட்ட கையை மூளையும் கைவிடும். படுத்தே கிடக்கிற முதியவரின் தொடைத் தசை சில நாட்களிலேயே கரையத் தொடங்கும். பெரியவருக்குக் கிடைத்த அந்த மூன்று மாதத்தை வீட்டார் அன்பாகத் தின்றுவிட்டார்கள்.

விழுந்துவிடுவாரே என்ற பயம் நியாயமானது. அதற்கு வேண்டியது கழிவறையில் ஒரு கைப்பிடிக் கம்பி. வீவக 2012இலிருந்து 'ஈஸ்' திட்டத்தின்கீழ் கம்பியும் வழுக்காத தரையும் போட்டுத் தருகிறது. குடிமக்களுக்குச் செலவில் 95 விழுக்காடு வரை அரசே ஏற்கிறது. பயத்தைத் தீர்க்க வழி இருக்கும்போது மனிதரைக் கட்டிலில் போட்டுப் பயத்தைத் தீர்த்துக்கொள்கிறோம்.

அப்புறம், "நாங்க இருக்கோம்ல" என்று சொல்கிறவர்கள் யார்? மகன் காலை ஏழரைக்கு அல்ஜுனிட்டில் ரயில் ஏறிவிடுகிறார். மருமகளும் வேலைக்குப் போகிறார். வீட்டில் இருப்பது ஜாவாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ சில வேளை தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலிருந்தோ வந்த பணிப்பெண். சிங்கப்பூரில் இப்படி ஏறத்தாழ 3 லட்சம் பேர். முதன்முறை வருகிறவருக்குச் சட்டம் வைக்கும் தகுதிகளைப் பாருங்கள்: 23 வயது நிறைந்திருக்க வேண்டும், 8 ஆண்டு பள்ளிப் படிப்பு வேண்டும், ஒரு நாள் அறிமுக வகுப்பில் உட்கார வேண்டும். உயரமான மாடியில் ஜன்னலை எப்படிப் பாதுகாப்பாகத் துடைப்பது என்பது அந்த வகுப்பில் உண்டு. ஒரு பக்கம் செயலிழந்த 70 கிலோ மனிதரைத் தன் முதுகும் போகாமல் அவர் தோளும் இறங்காமல் எப்படி எழுப்புவது என்பது கட்டாயம் இல்லை. விரும்பினால் படிக்க அனுப்பலாம், மானியமும் உண்டு. விருப்பம் முதலாளியுடையது. அலுவலகக் கட்டடத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலர்கூடப் பயிற்சி முடித்து உரிமம் வாங்கியவர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் 67 வயது நிறைந்தவர் இருந்தால் பணிப்பெண்ணுக்கான மாதத் தீர்வை 300 வெள்ளியிலிருந்து 60 வெள்ளியாகக் குறைகிறது. நல்ல உதவிதான். ஆக, மாதம் 240 வெள்ளியை அரசு விட்டுக்கொடுக்கிறது. பதிலுக்கு ஒரு பயிற்சிச் சான்றிதழைக்கூடக் கேட்பதில்லை. இந்தப் பெண் இரவு இரண்டு மணிக்கு எழுந்து பெரியவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுக் காலை ஆறுக்கு அடுப்பு மூட்டுகிறார். வார ஓய்வு நாள் 2013இல்தான் சட்டமானது. அதையும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு நாளையாவது காசுக்கு மாற்றக் கூடாது என்ற விதி வர 2023 ஆனது. அவர் இடுப்புப் பிடித்துக்கொண்டால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. தனிப்பட்ட விபத்துக் காப்புறுதிதான் கதி. தூங்காத கை நடுங்கும். நடுங்கினால் விழப்போகிறவர் உங்கள் அப்பா. தன்னலமாக யோசித்தால்கூட இந்தக் கணக்குத் தப்பு.

அந்தப் பெண்ணும் பெரியவரை நடக்க விட மாட்டார். பெரியவர் தானாக நடந்து கழிவறைக்குப் போக ஐந்து நிமிடம். தூக்கி உட்கார வைக்க ஒரு நிமிடம். விழுந்தால் பழி யார்மேல் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் இருந்தாலும் தூக்கித்தான் உட்கார வைப்பேன்.

2011இல் சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில் மூதாட்டி ஒருவரை மோசமாக நடத்திய காட்சி ஒளிபரப்பாகி ஊரே கொதித்தது. தாதிமை இல்லங்களுக்கு உரிமம் உண்டு, சோதனை உண்டு, தர விதிகள் உண்டு. அந்தக் கொதிப்புக்குப் பின் விதிகள் மேலும் இறுகின. வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடப்பதற்கு எந்த விதி? வீட்டுக்கு ஆள் அனுப்பும் பராமரிப்பு நிறுவனங்களுக்கு வழிகாட்டி நெறிகள் இருக்கின்றன. குடும்பம் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் அதுவும் கிடையாது. "முதியோர் இல்லத்தில் போட்டுவிட்டார்கள்" என்பது நம்மிடையே வசவு. வீட்டில் போட்டுவிட்டார்கள் என்று யாரும் திட்டுவதில்லை. 1995இல் இயற்றிய பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் பிள்ளையிடம் கேட்பது பணத்தைத்தான். மாதாமாதம் கொடுக்கிறாயா என்று நடுவர் மன்றம் விசாரிக்கும். போன மாதத்தைவிட இந்த மாதம் அப்பா எத்தனை அடி கூட நடக்கிறார் என்பது யாருடைய விசாரணையிலும் வராது.

புறா ரத்தம் தடவினால் பக்கவாதம் இறங்கும் என்று நம்புகிறவர்கள் இன்றைக்கும் நம்மில் இருக்கிறார்கள். மந்திரித்த கயிறும் உண்டு, பெயரில்லாத எண்ணெயும் உண்டு. இவற்றைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலில் பெரியவர் பெயருக்கு அர்ச்சனை செய்கிறவர்களிடம்கூட எனக்கு இன்று வழக்கில்லை; அர்ச்சனை யாருடைய தொடைத் தசையையும் கரைப்பதில்லை. இங்கே எனக்கு வழக்கு, படித்தவர்களும் கேள்வி கேட்காமல் வைத்திருக்கும் நம்பிக்கையோடு: பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டால் அதைவிட மேலான பராமரிப்பு இல்லை என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு நெருக்கமான ஒன்று சோதனைக்கு வந்திருக்கிறது. அதுவும் குடும்பப் பாசத்துக்குப் பேர்போன இந்தியாவில். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் துரைப்பாண்டியன் முன்னின்று நடத்திய 'அட்டெண்ட்' ஆய்வு. நாட்டின் 14 மருத்துவமனைகள், பக்கவாதம் வந்த 1,250 பேர். சீட்டுக் குலுக்கல் போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு, கூடுதலாக, குடும்பத்தில் ஒருவரை மருத்துவமனையிலேயே பழக்கி, வீட்டில் பயிற்சியைத் தொடரச் செய்தார்கள். பிசியோதெரபிஸ்ட் கிடைக்காத நாட்டில் மனைவியும் மகனும் அந்த வேலையைச் செய்தால் எவ்வளவு நல்லது! எல்லாரும் எதிர்பார்த்த முடிவு ஒன்று. 2017இல் லான்செட் இதழில் வந்தது வேறு. ஆறு மாதம் கழித்து இறந்துபோனவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்கிறவர்களும் சேர்ந்து ஒரு பாதியில் 47 விழுக்காடு, மறு பாதியிலும் 47 விழுக்காடு.

இதை அவசரமாகப் படிக்கக் கூடாது. மறுவாழ்வுப் பயிற்சியே வீண் என்று இது சொல்லவில்லை. பக்கவாதத்துக்கென்று தனிப் பிரிவு, பயின்ற குழு, ஒழுங்கான திட்டம் இருந்தால் மரணமும் முடக்கமும் குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. பயின்றவர் செய்ய வேண்டியதைக் கொஞ்சம் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தின் தலையில் கட்டினால் பலன் கூடவில்லை என்பதுதான் இங்கே தெரிந்தது. பாசம் 1,250 வீடுகளிலும் இருந்திருக்கும். போதவில்லை.

அதே கறார் மறுபக்கமும் வெட்டும். சீக்கிரம் எழுப்பினால் சீக்கிரம் குணமாகும் என்பது மருத்துவர்களிடமே இருந்த நம்பிக்கை. சிங்கப்பூர் உட்பட ஐந்து நாடுகளில் 2,104 பேரை வைத்து நடந்த 'அவெர்ட்' ஆய்வு, பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி மிகுதியாகப் பயிற்சி கொடுத்தவர்களின் நிலை சற்று மோசமாகவே இருந்ததாக 2015இல் காட்டியது. மருத்துவர்கள் முகம் சுளிக்காமல் வழிமுறையை மாற்றிக்கொண்டார்கள். அளந்து பார்ப்பதில் இருக்கும் நன்மை இது. "என் அப்பாவுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா" என்று கேட்கிற பிள்ளையிடம் இந்தத் திருத்தம் நடக்கவே நடக்காது.

டென்மார்க்கில் ஃபிரெடரிசியா என்ற ஊர் 2008இல் ஒரு காரியம் செய்தது. முதியவர் உதவி கேட்டால் உடனே ஆள் அனுப்பி வீட்டைப் பெருக்கிக் கொடுப்பதற்குப் பதில், நீங்கள் மறுபடி எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டது. கடைக்குப் போவதா, தானே குளிப்பதா? அதை நோக்கிச் சில வாரங்கள் பயிற்சி. அதற்குப் பிறகும் முடியாததற்குத்தான் நிரந்தர உதவி. 2015இல் இதை முதலில் பரிசீலிப்பது அந்நாட்டு நகராட்சிகள் எல்லாவற்றுக்கும் சட்டக் கடமையானது. இங்கிலாந்திலும் இந்தக் குறுகிய காலப் பயிற்சி உதவியை ஆறு வாரம் வரை இலவசமாகத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் காகிதத்தில் இருப்பது எல்லார் வீட்டு வாசலுக்கும் வருவதில்லை. நம் பக்கம் தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு பிசியோதெரபிஸ்டையும் வீட்டுக்கு அனுப்புகிறது. ஊரைப் பற்றி இளக்காரமாகப் பேசும் சிங்கப்பூர்த் தமிழர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

சிங்கப்பூரில் பணம் எப்படிப் பாய்கிறது? குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிவறை, நடமாட்டம், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்று ஆறு காரியங்கள். இவற்றில் மூன்று முடியாதென்றால் கடும் உடற்குறை. 2020இல் மாதம் 600 வெள்ளியில் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி அதற்குத் தொகை தருகிறது. வீட்டுப் பராமரிப்பு மானியம் 2019இல் 200 வெள்ளியாக வந்து 2023இல் 400 வரை ஏறியது. அதற்கும் மூன்று காரியக் கணக்குத்தான். முடியாதவருக்குத் தொகை கொடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. மறுவாழ்வு நிலையங்களுக்கும் சலுகைக் கட்டணம் உண்டு. ஆனாலும் யோசித்துப் பாருங்கள்: மூன்றில் ஒன்றைப் பெரியவர் மீட்டுக்கொண்டால் தொகை நிற்கும். அவரை மீட்டுக்கொண்டுவந்த பணிப்பெண்ணுக்கு அன்றைக்கு ஒரு வெள்ளிகூடக் கூடாது. முடியாமைக்கு மாதாமாதம் காசு வரும் வீட்டில் முடிவதற்கு ஒரு பாராட்டுக்கூட இல்லை.

பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதில் யோக்கியர்களா? 1929-30இல் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போன பெரியாரின் தாக்கத்தில் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் எழுந்தது, சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கினார். அந்தப் பெரியார் கடைசி ஆண்டுகளில் சிறுநீர்க் குழாயும் சேகரிக்கும் கலனுமாகத்தான் ஊர் ஊராகப் போனார். 1973 டிசம்பர் 19இல் சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார்; 24ஆம் தேதி வேலூரில் இறந்தார், 94 வயது. குழாயோடு ஒரு மனிதர் மேடை ஏறிச் சண்டை போட வேண்டுமென்றால் பின்னால் எவ்வளவு வேலை நடந்திருக்க வேண்டும்! குழாயில் தொற்று வராமல் காப்பது, உணவு, உறக்கம், வண்டியில் ஏற்றி இறக்குவது, நோவு வரும்போது எப்போது நிறுத்தச் சொல்வது என்று தெரிவது. அதன் பெரும்பங்கை அவர் மனைவி மணியம்மை செய்தார். 1949இல் அவர்கள் மணந்துகொண்டதற்காகப் பெரியாரின் கட்சி உடைந்தது; வயது வித்தியாசம் பற்றி அன்றைக்குப் பேசாத வாய் இல்லை. பிற்காலத்தில் தியாகம் என்று புகழ்ந்தார்கள். தேர்ந்த தாதி ஒருவரின் திறமை அது என்று இயக்கத்து மேடைகளில் பேசி நான் கேட்டதில்லை. கடவுளைக் கேள்வி கேட்டவர்களும் பெண் செய்யும் பராமரிப்பைப் பூசையறையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. பராமரிப்பு நன்றாக இருந்ததற்குச் சான்று மணியம்மையின் கண்ணீர் அல்ல. ஐந்து நாளில் சாகப்போகிற கிழவர் தி.நகரில் மைக் பிடித்தார் என்பதே சான்று. கேலாங் பெரியவருக்கு மைக் வேண்டாம். கீழே இறங்கிக் காப்பிக் கடையில் ஒரு 'கோப்பி ஓ' தானே சொல்லிக் குடித்துவிட்டு மின்தூக்கியில் ஏறி வந்தால் போதும்.

குடும்பமே இல்லாதவரை எதை வைத்து அளப்பது? கேலாங் லோரோங்குகளின் கடைவீட்டு மாடிகளில் வெளிநாட்டு ஊழியர்கள் நெருக்கியடித்துத் தங்கிய காலம் முழுக்கப் போய்விடவில்லை. சாரத்திலிருந்து விழுந்து குதிகால் நொறுங்கிய புதுக்கோட்டை இளைஞருக்கு ஊட்டிவிட மகள் இல்லை. சட்டப்படி வெளிநோயாளி விடுப்பில் 14 நாள் முழுச் சம்பளம், அதன்பின் ஓராண்டு வரை மூன்றில் இரு பங்கு. அவருடைய சிகிச்சை, தங்குமிடம் எல்லாம் முதலாளி பொறுப்பு. அதாவது இவர் மெதுவாகக் குணமாவதால் நட்டப்படுகிறவரிடமே இவரைக் குணமாக்கும் பொறுப்பு. நொறுங்கிய குதிகாலுக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுப்பவர் அதை எங்கே செய்வார்? 2006இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் தொண்டு அமைப்பு, கேலாங் லோரோங் 23இல் மருந்தகம் நடத்தியது. லிட்டில் இந்தியாவின் கஃப் ரோட்டில் காயம்பட்டுக் காத்திருக்கும் ஊழியர்களுக்கு டிடபிள்யுசி2 அமைப்பு 2008இலிருந்து சோறு போட்டது. தமிழர் பலர் அங்கே சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கிக்கொண்டு போன எத்தனை பாசக்காரக் குடும்பங்கள் அந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தன? பாசம் ரேஷன் அட்டை கேட்கிறது. மருத்துவ அறம் கேட்கக் கூடாது.

வீட்டுப் பராமரிப்பையும் யாராவது வந்து பார்த்து அளக்க வேண்டும் என்றால் உடனே வரும் பதில்: குடும்பத்துக்குள் அரசாங்கம் நுழைவதா? நுழைந்திருக்கிறதே. 2016 ஆகஸ்டில் அல்ஜுனிட் கிரசென்ட், சிம்ஸ் டிரைவ் பக்கம் ஸிக்கா பரவியபோது தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீடு வீடாக ஏறிக் குளியலறை வாளியையும் பூச்சட்டித் தட்டையும் பார்த்தார்கள். டெங்கிக்காக இன்றும் பார்க்கிறார்கள். கொசுப்புழு கிடந்தால் அபராதம். இதைக் குடும்ப மானத்தில் கைவைப்பதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. அதே குளியலறையில் கைப்பிடிக் கம்பி இருக்கிறதா, பக்கத்து அறையில் படுத்திருப்பவரின் முதுகில் புண் இருக்கிறதா, பணிப்பெண் எத்தனை மணி நேரம் தூங்கினார், பெரியவர் எத்தனை அடி நடந்தார் என்று மாதம் ஒருமுறை ஒரு தாதி வந்து குறித்துக்கொண்டு போகட்டும். 240 வெள்ளிச் சலுகைக்கு அதுதான் நிபந்தனை என்று விதி வரட்டும். பிள்ளைகளிடம் கருத்துக் கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். பெரியவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள்.